யாரும் பார்க்காத அடி

சுப்பிரமணி வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டு ஒரு ஆளை வேவு பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டாயிரத்து மூணாம் வருஷம். மழை ஏமாற்றி ஏமாற்றி, வேங்கிக்காலுக்கு அந்தாண்ட இருந்த ஏரி கட்டாந்தரையாகக் கிடந்தது. அந்தத் தரையில் ராஜமாணிக்கம் என்கிற பாஸ்டர் தன்னந்தனியாக கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தான்.

இளவயசில் நீலகிரிப் பக்கம் போய், பெரிய மனுஷங்களுக்கு கோல்ஃப் பை தூக்கிப் பிழைத்தவன் அவன். அங்கேதான் ஏசுவைப் பிடித்தான், அங்கேதான் இந்த ஆட்டத்தையும் பிடித்தான். தலை நரைத்தபிறகு ஊர் திரும்பி, தகரக் கொட்டாய் போட்டு ஜெபம் நடத்தினான். ஏரியில் பால்பவுடர் டப்பாக்களைப் புதைத்துக் குழியாக்கினான். குழிக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு சிவப்புத் துணி. துணியை ஆடு தின்னும். அவன் மறுபடி கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதி பைபிள், பாதி கோல்ஃப். ஜனம் முதலில் சிரித்தது. அப்புறம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கேட்டது.

சுப்பிரமணி சிரிக்கவில்லை, கேட்கவுமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு வைத்துக் காலம் தள்ளியவர் அவர். டோக்கன் இல்லாவிட்டால் பெற்ற மகள் வேதாவுக்கே வண்டியை எடுத்துக் கொடுக்காதவர். மனுஷனை நம்பினால் சைக்கிள் போய்விடும் என்பதுதான் அவர் படித்த ஒரே படிப்பு. இப்போது அவர் பெண்டாட்டி ராணியம்மாள் வயிற்றில் கட்டியோடு படுத்திருந்தாள். பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது இளநீரும் இல்லை, பிரியாணியும் இல்லை. பாஸ்டர் கையால் ஞானஸ்நானம் வேண்டும் என்றாள்.

அதனால்தான் புதர். இந்த ஆள் எதில் திருடுகிறான் என்று கண்டுபிடித்துவிட்டால், வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லி, அந்தப் பேச்சையே முடித்துவிடலாம்.

பந்து ஒரு காய்ந்த சருகை ஒட்டிக் கிடந்தது. ராஜமாணிக்கம் குனிந்து சருகை எடுத்தான். பந்து கொஞ்சம் அசைந்து, ஒரு ஆட்டுப்புழுக்கை தூரம் உருண்டது. அவன் நிமிர்ந்து நின்றான். சுற்றுமுற்றும் பார்க்கக்கூட இல்லை. "ஒண்ணு ஜாஸ்தி," என்று வாய்விட்டுச் சொன்னான். பந்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அடித்தான். குழியில் போட்டபிறகு, "ஏழு," என்றான்.

சுப்பிரமணிக்குப் பொறுக்கவில்லை. முள் குத்தக் குத்த வெளியே வந்தார்.

"யோவ் பாஸ்டரு, ஆறுதான அடிச்ச? நான் எண்ணிக்கினுதான் இருந்தேன்."

ராஜமாணிக்கம் திடுக்கிடவில்லை. "வாங்கண்ணே. எவ்ளோ நேரமா குந்திக்கினு இருக்கிறீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"பந்து என் கையால அசைஞ்சிடுச்சில்ல. அதுக்கு ஒண்ணு தண்டனை."

"எவன் பார்த்தான்?"

"யாரும் பார்க்கலைண்ணே. இந்த ஆட்டத்துல அவனவன் அடியை அவனவனே எண்ணிச் சொல்லணும். அம்பயர் கிடையாது. பாவமும் அப்படித்தானே."

"ஆடறது நீ ஒருத்தன். ஜெயிக்கிறதும் நீ, தோக்கறதும் நீ. உனக்கு எதுக்குய்யா இந்த யோக்கியம்?"

"அதான்ண்ணே நானும் தெரிஞ்சிக்கப் பார்க்கிறேன்," என்று சொல்லி அவன் அடுத்த குழிக்கு நடந்தான்.

சுப்பிரமணி வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் கோபம். ஒரு மனுஷனிடம் திருட்டுக் கிடைக்காதது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

ராணியம்மாள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு சரசுதான் அவளை முதலில் ஜெபத்துக்குக் கூட்டிப் போனவள். அவள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் போயிருந்தாள்.

"ஏரிக்குப் போனீங்களாமே," என்றாள் ராணியம்மாள்.

"எவ சொன்னா?"

"சட்டையில முள்ளு சொல்லுது. திருடன் ஆப்டானா?"

"பைத்தியம் ஆப்டுச்சு."

அவள் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும், பிடித்துக்கொண்டாள். வலி அடங்கினதும் சொன்னாள்: "அந்த ஆட்டத்துல ஆடத் தெரியாதவங்களுக்கு மொதல்லயே தள்ளுபடி உண்டாம் வேதா அப்பா. இவன் இருபது அடி ஜாஸ்தி அடிப்பான்னா, இருபதையும் கழிச்சிடுவாங்களாம். கெட்டிக்காரனும் மக்கும் கடைசியில ஒண்ணா நிப்பாங்களாம். ஏசு கணக்கு அப்படித்தானாம். எனக்கும் தள்ளுபடி இருக்குன்னாரு."

"எந்தக் கடையில சும்மா தள்ளுபடி குடுத்தான்? விலையை ஏத்தி வச்சிட்டுத்தான் குறைப்பான்."

"ஏத்தின விலையை நான் குடுத்துட்டேனே," என்று அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அங்கேதான் சிக்கல். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வரவேண்டும். தம்பியோ அண்ணனோ மேளத்தோடு கொண்டுவந்து பிணத்தின்மேல் போர்த்த வேண்டும். அது இல்லாமல் போகிறவளை, நாதியத்தவள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். ராணியம்மாளுக்கு ஒரே தம்பி, முருகையன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிர் வைக்கிறவன். தாய் செத்தபிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவன்.

விஷயம் காதில் விழுந்து அவன் வந்தான். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, சாத்துக்குடி உரித்துக் கொடுத்தான். உரித்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நீ கும்புடறது உன் இஷ்டம். ஏசுவைக் கும்புடு, எவனையோ கும்புடு. தலையில அந்தத் தண்ணி மட்டும் வேணாம். வாங்கிட்டன்னா நான் கோடி எடுத்துக்கினு வரமுடியாது. பங்காளிங்க என்னை ஒதுக்கிடுவாங்க. என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறேன்."

"வரமாட்டியாடா?"

"வரமுடியாதுக்கா." அவன் கண் கலங்கியிருந்தது. சுளையை அவள் வாயில் வைத்தான்.

வாசலில் சுப்பிரமணி அவனை மடக்கினார். சமாதானமாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். "நீ பயப்படாத மச்சான். அந்தப் பாஸ்டர் மத்தவன் மாதிரி ஏமாத்துக்காரன் இல்ல. நான் ஒளிஞ்சு நின்னு பார்த்தேன். யாரும் இல்லாத ஏரியில, பந்து அசைஞ்சதுக்குக்கூட தனக்குத்தானே தண்டனை போட்டுக்கறான். பொய் சொல்லவே தெரியாத ஜென்மம்."

முருகையன் வியப்பாகக் கேட்டான். "நீங்களா மாமா ஒரு ஆளை நல்லவன்னு சொல்றீங்க?"

"சொல்றேன்," என்றார் சுப்பிரமணி. வாழ்க்கையில் அவர் இன்னொரு மனுஷனுக்குக் கொடுத்த நற்சாட்சி அது ஒன்றுதான்.

ராணியம்மாளுக்கு நாளுக்கு நாள் உடம்பு மோசமாகிக்கொண்டே வந்தது. கண்ணைத் திறந்தால் அதே பேச்சு. தண்ணியும் வேணும், தம்பி கோடியும் வேணும். ரெண்டையும் எப்படிக் கேட்கிறாய் என்று அவர் ஒருநாள் கத்திவிட்டார். அவள், "எனக்கு வேற யாருங்க செய்வாங்க," என்றாள். அவ்வளவுதான். சுப்பிரமணி செருப்பைப் போட்டுக்கொண்டு தகரக் கொட்டாய்க்குப் போனார்.

"யாருக்கும் தெரியாம வந்து ஊத்திட்டுப் போயிடு," என்றார்.

"ஊத்தறேண்ணே. எங்க வழக்கத்துல ஆத்துலயோ தொட்டியிலயோ முழுக்கறதுதான். அவங்களால முடியாது, சொம்புத் தண்ணி போதும்." ராஜமாணிக்கம் கொஞ்சம் தயங்கினான். "நானா போய் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா சொல்லிடுவேன்."

"கேட்டாலும் சொல்லாத."

"அது முடியாதுண்ணே."

"இன்னாய்யா முடியாது? ஒரு பொம்பளை நிம்மதியா சாகறதுக்கு ஒரு பொய். உன் ஏசு கோச்சிக்குவாரா?"

"பந்து எங்க விழுந்துதோ அங்கிருந்துதாண்ணே அடிக்கணும். முள்ளுல விழுந்தா முள்ளுலருந்து. யாரும் பார்க்கலைன்னு காலால தள்ளி நல்ல இடத்துல வச்சிக்கினா, அப்புறம் ஆட்டமே இல்ல. அவங்க ஞானஸ்நானத்தையே நான் மறைச்சா, நான் குடுத்தது இன்னாண்ணே, வெறும் சொம்புத் தண்ணிதான?"

சுப்பிரமணி அவனைத் திட்டினார். நல்ல கெட்ட வார்த்தையாகத் தேடித் தேடித் திட்டினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அப்புறம் சுப்பிரமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். யார் போய் அவனைக் கேட்கப் போகிறார்கள்? ஊரில் ஒருத்தனும் கேட்கமாட்டான். கேட்டால் என்னைக் கேட்பான். பொய் சொல்ல எனக்குத் தெரியும்.

"வா," என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு அது நடந்தது. சரசுவைக்கூட உள்ளே விடவில்லை. ராஜமாணிக்கம் முட்டிபோட்டு, பித்தளைச் சொம்பிலிருந்து மூன்று தரம் ஊற்றினான். தண்ணீர் தலையணையை நனைத்தது. ராணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "ஜில்லுனு இருக்குது," என்றாள். சுப்பிரமணி துண்டால் அவள் தலையைத் துவட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தலையை அவர் துவட்டியது அன்றைக்குத்தான்.

அந்த வாரமே போய்விட்டாள்.

மெட்ராஸிலிருந்து மகள் வேதா வந்து சேர்ந்தாள். பந்தல் போட்டார்கள், பெஞ்சு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சுப்பிரமணி ஒரே பதில் சொன்னார்: நம்ம முறைப்படிதான் எல்லாம். ராஜமாணிக்கம் வந்திருந்தான். வராதே என்று ஆள் விட்டிருந்தார்; அதையும் மீறி வந்து, தெருமுனைப் புங்கமரத்தடியில், கக்கத்தில் பைபிளோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடக்கத்தின்போது ஒரு ஜெபம் சொல்லவேண்டும் என்று ராணியம்மாள் அவனிடம் கேட்டிருந்தாளாம்.

மேளச் சத்தம் கேட்டது. முருகையன் வந்தான். தாம்பாளத்தில் பழம், பூ, மஞ்சள், மேலே கோடிப் புடவை. பின்னால் பங்காளிகள் ஏழெட்டுப் பேர். சுப்பிரமணிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. வந்துவிட்டான். போர்த்திவிட்டால் போதும்.

முருகையன் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டான். பங்காளிகளில் பெரியவர் ஒருத்தர் அவன் முதுகைத் தொட்டார். முருகையன் தொண்டையைச் செருமினான்.

"மாமா, பெரியவங்க கேக்கச் சொல்றாங்க. அக்கா அந்தத் தண்ணி வாங்கிச்சா?"

"இல்ல மச்சான்," என்றார் சுப்பிரமணி. கண் இமைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான பொய்யை அவர் அதுவரை சொன்னதில்லை.

முருகையன் முகம் தெளிந்தது. பெரியவருக்குத் தெளியவில்லை. "செத்தவ புருஷன் வேற எப்படிச் சொல்லுவான்?" என்றார். "அதோ அந்தப் பாஸ்டர் நிக்கறான் பாரு, அவனைக் கேளு. அவன் பொய்யே சொல்லமாட்டான்னு உன் மாமாதான் சொன்னாருன்னு நீயே எங்ககிட்ட சொன்ன இல்ல."

"அவன் இன்னாத்துக்கு? என் வீட்டு விஷயத்துல அவன் யாரு?" என்று சுப்பிரமணி குறுக்கே போனார். முருகையன் அதற்குள் புங்கமரம் பக்கம் திரும்பிவிட்டான். சைக்கிள் பிடித்தவனைப் பார்த்து, எல்லார் காதிலும் விழ, கெஞ்சுகிற குரலில் கேட்டான்.

"பாஸ்டரு, இல்லைன்னு சொல்லுங்க."

மேளக்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். ராஜமாணிக்கம் சுப்பிரமணியைப் பார்த்தான். சுப்பிரமணி கையெடுத்துக் கும்பிட்டார். தெருவே பார்க்க, சாமி கோயிலில்கூட முழுசாகக் கும்பிடாத மனுஷன், கும்பிட்டார்.

ராஜமாணிக்கம் சைக்கிளை மரத்தில் சாய்த்தான். வாயைத் திறக்காமலே இருந்துவிடுவான் என்றுகூட சுப்பிரமணி நினைத்தார்.

"குடுத்தேன்ப்பா," என்றான். "அவங்க ஆசைப்பட்டுக் கேட்டாங்க. குடுத்தேன்."

முருகையன் தாம்பாளத்தைப் பிடித்தபடி அழுதான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான். பெரியவர் தாம்பாளத்தைக் கையிலிருந்து வாங்கி, புடவையின்மேல் துண்டைப் போட்டு மூடினார். ஒருத்தன் முருகையனைத் தோளோடு அணைத்துக் கூட்டிப் போனான். அக்கா முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. அவர்களோடு வந்த மேளமும் அவர்களோடு போயிற்று.

சுப்பிரமணி புங்கமரத்தடிக்குப் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து ரெண்டு பேர் பின்னால் ஓடினார்கள். அவர் அடிக்கவில்லை. திட்ட வார்த்தையும் வரவில்லை. எதைச் சொல்லித் திட்டுவது? ஏமாற்றினான் என்று சொல்ல வழியில்லை. கேட்டால் சொல்லுவேன் என்று முன்னாடியே சொன்னவன். திருடனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணே," என்றான் ராஜமாணிக்கம். அவன் கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "என்னை மன்னிக்கணும்னு கேக்க எனக்கு வாயில்ல."

"கேக்காத," என்றார் சுப்பிரமணி.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிணத்தை வெகுநேரம் போட்டுவைக்க முடியாது. தூக்க ஆள் கம்மி. மச்சான் வீட்டார் போனதைப் பார்த்து, இந்தப் பக்கத்து உறவிலும் சில பேர் நழுவியிருந்தார்கள். ஜெபக் கொட்டாய் ஆட்கள் சரசுவோடு ஓரமாக, கூப்பிட்டால் வருகிற மாதிரி நின்றார்கள். உள்ளூர் மேளக்காரன் சுப்பன் பறையை அனலில் காட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலையே பார்த்தான்.

வேதா அழுத முகத்தோடு வெளியே வந்தாள். "அப்பா, அம்மாவைக் குளிப்பாட்டிட்டோம். மேலே போட கோடி இல்ல, இன்னா பண்றது? சுப்பன் வேற கேக்கறாரு, மேளம் அடிக்கலாமான்னு. சரசக்கா பாட்டு பாடலாமான்னு கேக்கறாங்க. நீங்கதான் சொல்லணும்."

தெரு முழுக்க அவர் வாயையே பார்த்தது. சுப்பிரமணி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார்.