லொறிக்கு வந்த நெஞ்சுவலி

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளவத்தையில் அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்து கிளெமென்ற் தன் முறைக்காகக் காத்திருந்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கிச் சோதித்ததில் நேரம் போய்விட்டது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ரொட்டி சுடும் வாசனை வேறு குடலைப் பிடுங்கியது.

அவன் வேலை செய்த கொம்பனிக்கு அவன் இரத்தத்தில் திடீர்க் கரிசனை பிறந்ததற்குக் காரணம் வரதராசா. புது லொறியின் டிறைவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. போன மாதம் ஒரு சோதனைச் சாவடிக்கு முன்னால் நெஞ்சடைத்து ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டான். நிற்காமல் உருண்டு வந்த லொறியைக் குண்டு லொறி என்று நினைத்துக் காவலில் நின்றவர்கள் சுட்டார்கள். பிறகு மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவரும் அசையவில்லை. துணிந்து கிட்டப் போனபோது மேலில் ஒரு துப்பாக்கிச் சன்னமும் படாமலே வரதராசாவின் உடம்பு குளிர்ந்திருந்தது.

செத்தவீட்டுக்கு வந்த மனேஜர் நவரத்தினம், வரதராசாவின் மனைவியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். மீதி நேரமெல்லாம் டயர் போனதையும் முன்கண்ணாடி நொருங்கியதையும் சொல்லிப் புலம்பினார். ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயாவது ஆட்டின் பேரைச் சொல்லி அழுதது. இந்த மனுசனுக்கு அந்த நடிப்பும் வரவில்லை.

வரதராசாவின் இடம் கிளெமென்றுக்கு என்று பேச்சு. வேலைக்கு வந்த நாள் முதல் கொம்பனியின் களஞ்சியத்தில் பருப்பு மூட்டை சுமந்தவன் அவன். இரவல் லொறியில் பழகி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான். இந்த வேலை கிடைத்தால் முதுகு தப்பும். இரத்தம் பார்த்த பிறகுதான் சாவி என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

முடிவு வந்த அன்று டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"அப்பா இருக்கிறாரோ?"

"இல்லை சேர். நாப்பதிலயே நெஞ்சு வருத்தத்தில போயிட்டார்."

"உமக்கு முப்பத்தொண்டு. ரத்தத்தில கொழுப்பு அளவுக்கு மிஞ்சிக் கிடக்குது. இது பரம்பரையாலயும் வாறது, இளம் வயசுதானே எண்டு விடேலாது. நான் எழுதித் தாற குளிசையைப் போடும். லொறி ஓடலாம். ஆனா நெஞ்சை வடிவாச் சோதிச்சுப் பாக்கும் மட்டும் பாரம் தூக்கக் கூடாது."

கொள்ளுப்பிட்டியில் கொம்பனிக் கந்தோருக்குப் போனபோது நவரத்தினம் பற்றிஸ் தின்றுகொண்டிருந்தார். விரலெல்லாம் எண்ணெய்.

"டொக்டர் போனில சொன்னவர். உம்மட ரத்தம் சரியில்லையாம்."

"லொறி ஓடலாமெண்டு சொன்னவர் சேர். பாரம்தான் தூக்க வேண்டாமாம்."

"அவருக்கென்ன, சொல்லுவார். இன்னொரு லொறியை அவரே வாங்கித் தரப்போறார்? நீர் பழைய வேலையையே செய்யும். லொறியோட விழுந்தா எங்களுக்கு எவ்வளவு நட்டம்? மூட்டையோட விழுந்தா ஒரு மூட்டை பருப்புத்தானே." பெரிய உபகாரம் செய்தவர் போல அவர் சிரித்தார். "உம்மை வேலையால நிப்பாட்டேல்லை எண்டு சந்தோசப்படும்."

அந்த எண்ணெய் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது கிளெமென்றுக்கு. வீட்டில் இரண்டு பிள்ளைகள். எச்சிலை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

களஞ்சியத்தில் அவனோடு மூட்டை தூக்கும் ஷிப்லி விஷயத்தைக் கேட்டு வெற்றிலையைத் துப்பினான்.

"ஒனக்கா டெஸ்ட் பண்ணின? லொறிக்கு நெஞ்சு வருத்தம் வரப்படாதெண்டுதானே பண்ணின! நாங்க நெஞ்சடச்சி மௌத்தாகலாம் மச்சான், டயர் மௌத்தாகப்படாது."

அடுத்த கிழமை புது டிறைவரோடு லொறி வந்து நின்றது. புதுக் கண்ணாடி பளபளத்தது. வெயில் படாமல் அதைக் கூரைக்குக் கீழே விடச் சொல்லிவிட்டு, நவரத்தினம் படியடியில் வந்து நின்றார். கிளெமென்ற் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினான். பாதிப் படியில் நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது. சுவரில் சாய்ந்தான்.

"ஏய், கவனம்!" கீழேயிருந்து நவரத்தினம் பதறினார். "சுவரில உரசாதையும், சாக்குக் கிழியப்போகுது!"

நெஞ்சைப் பொத்திப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு கைகளும் சாக்கைப் பிடித்திருந்தன.