சகலை கட்டிய பெட்டி

மெத்தை ஏற்றும் ஒரு சரக்கு வண்டியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பொருத்தியிருந்த ஃபைபர் ஸ்பீக்கர் பெட்டி ஆண்டுக்கு நான்கு விரற்கடை வளர்ந்தது. மழைக்காலத்தில் கொஞ்சம் குறையும். யாராவது வண்டியைப் புகழ்ந்துவிட்டால் அந்த வாரம் கொஞ்சம் கூடும். பெட்டியைக் கட்டியவர் வண்டிக்காரனுக்குச் சகலை. அக்காவை அவரும் தங்கையை இவனும் கட்டியிருந்தார்கள். பதினாறு வருடமாக ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்துவந்ததால் அவரைத் தெருவில் தொட்டிக்காரர் என்றுதான் தெரியும். வண்டிக்காரன் எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம். அவனுக்கு நெட்டை என்று பெயர்.

நெட்டையின் மேல் தனக்கு இருந்தது பொறாமை என்பதைத் தொட்டிக்காரர் வெகுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்று நினைத்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நெட்டை வந்தால் மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவார். தொட்டிக்காரர் வந்தால் "வாங்க" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். நெட்டை ஒரு வார்த்தை சொன்னால் தொட்டிக்காரரின் மனைவி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அதையே அவர் வீட்டில் திருப்பிச் சொன்னபோது, "அப்புறம்?" என்று கேட்டாள். அவர் செய்த தொட்டிகள் முன்னூறு மொட்டைமாடிகளில் நின்றன. ஒன்றுகூட ஒழுகியதில்லை. ஒழுகாத தொட்டியை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நெட்டை ஒருநாள் பட்டறைக்கு வந்தான். "அண்ணே, கடையில விக்கிற பெட்டி எதுவும் சீட்டுக்குப் பின்னால நுழைய மாட்டேங்குது. நீங்கதான் ஒண்ணு கட்டிக் குடுக்கணும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" தொட்டிக்காரருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது, பேசியவனைத்தான் பிடிக்கவில்லை. சரி என்றார்.

வேலையில் அவர் யாருக்கும் குறை வைத்தவரில்லை. இருக்கைக்குப் பின்னாலிருந்த சுவர் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, மெழுகு தடவி, ரெசின் பிசினில் நனைத்த, மேட் எனப்படும் கண்ணாடி இழைப் பாயை அப்பி, சுவரின் மேடு பள்ளமெல்லாம் அப்படியே பதிந்த முதுகுப் பகுதியை உரித்தெடுத்தார். ஸ்பீக்கர் உட்கார வேண்டிய மரவளையத்தைக் கால் கொடுத்து அதன் முன்னால் நிறுத்தி, இரண்டையும் மூடுகிற மாதிரி துணியை இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் ஸ்டேப்ளர் பின் அடித்து, துணியின் மேல் ரெசின் பூசினார். இறுகியதும் அது திமிராக நிமிர்ந்த ஒரு தோளைப் போல இருந்தது. இனி உள்ளே நான்கு அடுக்கு மேட் ஒட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் காற்றுக்குமிழி தங்காமல் ரோலரால் அழுத்த வேண்டும். மூன்றாவது அடுக்கை அழுத்திக்கொண்டிருந்தபோது பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து நெட்டையின் குரலும், தொடர்ந்து தன் மனைவியின் சிரிப்பும் கேட்டன. தொட்டிக்காரர் ரோலரை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு இழைப் பாய்க்கு அடியில் புகுந்து எலுமிச்சை விதை அளவுக்கு ஒரு குமிழியாக நின்றது. அவர் அதைப் பார்த்தார். அழுத்தி வெளியேற்ற ஒரு நொடி போதும். அழுத்தவில்லை, அதன் மேலேயே நான்காவது அடுக்கை ஒட்டினார்.

பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கருநீலப் பெயின்ட் அடித்து, ஸ்பீக்கரைத் திருகி முடித்ததும் நெட்டை பாட்டைப் போட்டான். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்தது. வண்டி கடைத்தெருவில் போனபோது செருப்புக் கடையின் அலமாரியிலிருந்த செருப்புகள் ஜோடி ஜோடியாக இரண்டடி நடந்து வாசலுக்கு வந்து நின்றன. கடைக்காரர் அவற்றைத் திருப்பி அடுக்குவதைத் தினசரி வேலையில் சேர்த்துக்கொண்டார். ஊரே நெட்டையின் வண்டியைப் பற்றிப் பேசியது. பெட்டியைக் கட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வாரமே பெட்டி அரை விரற்கடை வளர்ந்தது. பெட்டி பெருத்தால் சத்தம் இன்னும் ஆழமாக இறங்கும். ஆழமாக இறங்கினால் இன்னும் பத்துப் பேர் புகழ்வார்கள். அது காதில் விழுந்தால் தொட்டிக்காரர் இன்னும் ஒரு சொம்பு வெந்நீர் குடிப்பார். பெட்டி இன்னும் பெருக்கும். மூன்று வருடத்தில் பெட்டி இருக்கையை முன்னால் தள்ளி, நெட்டையின் முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு இருபுறமும் ஏறிவிட்டன.

ஒரு மத்தியானம் அவன் வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினான். தொட்டிக்காரர் ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவினார். எல்லா இடத்திலும் ஃபைபரின் கனம், பெட்டியைக் கட்டிய அன்று இருந்த அதே கனம். குமிழிதான் விதையாக இருந்தது முட்டையாகியிருந்தது. அவர் கையை வெளியே எடுக்காமலே பேசினார்.

"தம்பி, இது என் வயித்தெரிச்சல். தெரிஞ்சுதான் உள்ள விட்டேன்."

"தெரியும் அண்ணே."

"எப்பத்துல இருந்து?"

"உங்களைப் பத்தியா, பெட்டியைப் பத்தியா? உங்களைக் கல்யாணத்தன்னைக்கே தெரியும். போட்டோவுக்கு என் பக்கத்துல குதிகாலைத் தூக்கிக்கிட்டு நின்னீங்க."

தொட்டிக்காரருக்கு முகம் சிவந்தது. இப்போதே உடைத்து வேறு கட்டித் தருகிறேன் என்று சுத்தியலைத் தேடினார். நெட்டை அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, வேணாம் அண்ணே. இந்தச் சத்தம் வேற யாருகிட்டயும் இல்ல. நீங்க பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருங்க. எனக்கு உக்கார இடம் மட்டும் பண்ணிக் குடுங்க."

மன்னிக்கப்பட்டதும் பொறாமை குறையும் என்று தொட்டிக்காரர் எதிர்பார்த்தார். இவ்வளவு பெரிய மனசும் இவனுக்குத்தானா என்று தோன்றி அது இரட்டிப்பானது. அன்றிலிருந்து வருடம் ஒருமுறை ஓட்டுநர் கூண்டின் பின்சுவரை அறுத்து, கூண்டை ஃபைபரில் நீட்டிக்கொடுப்பது அவர் வேலையாயிற்று. வண்டி நீண்டது, மெத்தை ஏற்றும் இடம் குறுகியது. மெத்தைக் கடைக்காரர் சின்ன மெத்தைகளை மட்டும் அனுப்பினார். இப்படியே ஒன்பது வருடம் போயிற்று.

பத்தாவது வருடம் ரெசின் புகை தொட்டிக்காரரின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பிடு என்றால் தலையாட்டுவார், சாப்பிடமாட்டார். ஒரு மாதம் கழித்து நெட்டை டேப் வைத்துப் பெட்டியை அளந்தான். மறுபடி அளந்தான். ஒரு நூல்கூட ஏறவில்லை. ஏற்றிய மெத்தைகளைப் பாதி வழியில் இறக்கிப் போட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு நேராகச் சகலை வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"எதுவும் வேணாங்கறார். யாரு வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கறார்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நெட்டை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். மாடி கட்டப்போவதாகச் சொன்னான். இரண்டாவது வண்டி வாங்கப்போவதாகச் சொன்னான். தொட்டிக்காரரின் முதுகு அசையவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு நெட்டை மெல்லச் சொன்னான்: "அந்த வண்டிக்குப் பெட்டி கட்ட வேற ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்கேன் அண்ணே. நல்ல கை. உங்க கையவிடச் சுத்தம்னு பேசிக்கிறாங்க."

சுவர்ப்பக்கமிருந்து கேள்வி வந்தது. "எத்தனை அடுக்கு போடறான்?"

"ரெண்டு."

"ரெண்டா?" தொட்டிக்காரர் புரண்டார். "ரெண்டு அடுக்குல அது பெட்டியாடா? அப்பளம்." கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "எவன் அவன்? எங்க பட்டறை வச்சிருக்கான்?"

அப்படி ஒருவர் எங்கும் இல்லை. வெளியே வண்டியில் படார் என்று ஒரு சத்தம் கேட்டது. நெட்டையின் மனைவி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, பெட்டி முட்டிப் பின்கண்ணாடி தெறிச்சுப் போச்சு," என்றாள், நல்ல சேதி சொல்லும் குரலில். அவள் அக்கா அடுப்படிக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டை எடுத்தாள்.

அந்த வருடம் வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்க வந்த அதிகாரி டேப்பை இரண்டு முறை பிடித்து அளந்தார். படிவத்தில் நீளம் என்ற கட்டத்தில் எண்ணை எழுதி, பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று சேர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.