ஊத்துக்கோட்டையில் ஆதிநாராயணன்

கவரைப்பேட்டை இரயில் நிலையத்திற்கு எதிர்ச்சந்தில், பூட்டிக் கிடக்கும் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடிப்படியருகே, சஹாபுதீன் அன்று மாலை மூன்றாம் முறையாக வந்து நின்றார். வயது நாற்பத்து மூன்று. தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்குக் கையுறையும் பாதுகாப்புக் காலணியும் விற்பவர். பழவேற்காட்டில் பெயர்பெற்ற வணிகக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. மாடியில் கூடுவதோ குடியை விட முயலும் குடிநோயாளர் குழு. அவர் அந்தப் படியில் ஏறுவதை ஒருவர் கண்டாலும் போதும்; அடுத்த ஜும்ஆ தொழுகைக்குள் செய்தி பழவேற்காட்டை எட்டிவிடும்.

இதற்கு அஞ்சியே அவர் முதலில் ஊத்துக்கோட்டைக் குழுவை நாடினார். அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஆயினும், பெயர் சொல்லும் முறை வந்தபோது நாக்கு தானாகவே சறுக்கி, ‘ஆதிநாராயணன்’ என்றது. பொய் தனியே வாழாது. அதற்குச் சுற்றமும் வேண்டும். எனவே ஆதிநாராயணனுக்கு இரண்டு காணி நெல்வயல் பிறந்தது. அம்மன் திருவிழாவில் கூட்டாளிகள் ஊற்றிக் கொடுத்த முதல் குவளையும் பிறந்தது. கேட்டவர்கள் கண்கலங்கினார்கள்.

சஹாபுதீனோ எவரோடும் கூடிக் குடித்தவர் அல்லர். கடையின் பின்னறையில், காலணிப் பெட்டிக்குள் புட்டியை ஒளித்து, தன்னந்தனியே குடித்தவர். பின்பு ஏலக்காயை மென்று, அத்தர் பூசிக்கொண்டு வீடு திரும்பியவர். அந்த மனிதரைப் பற்றி ஊத்துக்கோட்டையில் எவரும் ஒரு சொல்லும் கேட்டதில்லை. மருந்தெல்லாம் ஆதிநாராயணனுக்குப் போயிற்று. நோய் சஹாபுதீனிடமே தங்கிற்று.

நேற்று, அங்கே போன ஐந்தாம் சனிக்கிழமை, இருபத்தெட்டு நாள் குடிக்காமல் இருந்ததற்காக ஆதிநாராயணனுக்குக் கைதட்டினார்கள். திரும்பி வந்த சஹாபுதீன் கடைக்குள் நுழைந்து குடித்தார். சரக்கு லாரி வர நேரமாகும் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டுக் கடையிலேயே படுத்துக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி அந்த வாடையோட வந்தீங்க, புள்ளைங்கள இட்டுக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். ஏன்னு கேக்கறவங்க எல்லாருக்கும் சொல்லுவேன்” என்று முபீனா சென்ற மாதம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதைச் செய்பவள்.

“இன்னா பாய், படிய எண்ணிக்கினு கீறியா?”

சஹாபுதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் நின்றவர் கலியன். வார்ப்பட ஆலையில் வேலை, மாதந்தோறும் இவர் கடையில் கையுறை வாங்குபவர்.

“இல்ல கலியண்ணே... மேல யாரோ ஷூ கேட்டாங்கன்னு...”

“மேல கீறவன்ல பாதிப் பேரு, போட்டுக்கினு போன செருப்பயே தொலைச்சிட்டு வந்தவன். அவனா ஷூ கேப்பான்?”

சிரித்த கலியன், சஹாபுதீனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். “எட்டு மாசமா நானும் அங்கதான் போறேன் பாய். ஊட்டுக்குப் போணும்னா போ. நான் உன்ன பாக்கல.”

அவர் படியேறி மறைந்தார். தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த வழி சென்று முடியும் இடம் கடையின் பின்னறை என்பதைச் சஹாபுதீன் அறிந்திருந்தார். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

மேலே ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டத்தை நடத்தியவர் யேசுதாஸ் என்னும் முதியவர். தம் முறை வந்ததும் சஹாபுதீனின் வாய் பழக்கத்தால் “ஆ...” என்று தொடங்கி நின்றது.

“எம் பேரு சஹாபுதீன். இந்த ஊர்லதான் கட வெச்சிக்கீறேன். நான் குடிநோயாளி. ஊத்துக்கோட்டைல நாலு வாரமா ஆதிநாராயணன்னு சொல்லிக்கினு இருந்தேன்.”

“அது பரவால்ல பாய், நான் கடம்பத்தூர் குரூப்ல டாக்டரா இருந்தேன்” என்றார் கலியன். அறை அதிரச் சிரித்தது.

“நேத்து குடிச்சேன்.”

சிரிப்பு நின்றது. கைதட்டல் இல்லை.

“இன்னிக்கு?” என்றார் யேசுதாஸ்.

“இன்னும் இல்ல.”

யேசுதாஸ் நிமிர்ந்து பார்த்தார். சுவர்க்கடிகாரத்தில் மணி ஏழு இருபது.

“ஒயின் ஷாப்ப பத்து மணிக்கு மூடுவான். அதுவரைக்கும் கலியன் உன்கூட இருப்பான்பா. ஊட்ல சொல்லிடு.”

வெளியே வந்து கைப்பேசியை எடுத்தார். முதல் மணியிலேயே முபீனா எடுத்தாள்.

“எங்க கீறீங்க?”

பொருத்தமான பொய்கள் மூன்று, வரிசையாக வந்து நின்றன. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“ஸ்டேஷன் எதிர்ல, குடிய நிறுத்தறவங்க மீட்டிங்ல. முபீனா... நேத்து குடிச்சிட்டேன்.”

மறுமுனையில் பிள்ளைகள் ஏதோ சண்டையிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“கட் பண்ணாதீங்க” என்றாள்.

அவளது காலடி ஓசை. பிள்ளைகளை அதட்டும் குரல். கதவு சாத்தப்பட்டது, தாழ் விழுந்தது. இங்கே படியில் கலியன் காத்திருந்தார். கைப்பேசியில் மீண்டும் முபீனாவின் குரல்.

“ம். இப்ப சொல்லுங்க.”