இரண்டு விசாரணைக்கு ஒரே கை

கோர்ட்டில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னவள் நான்தான். ஊரில் யார் யாரையோ குற்றம் சொல்கிறார்கள். சொல்லட்டும். என் வாயும் சேர்ந்துதான் கெடுத்தது.

குடவாசல் பக்கம் பஞ்சநதம் ஐயருடைய ஆறு மா நிலத்தை என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுதுவந்தார். புது ஆட்சி வந்து, குத்தகைதாரன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டதும் நாங்களும் மனுக் கொடுத்தோம். அதோடு பிடித்தது சனி. தை அறுவடைக்கு முந்தின நாள் ஐயரின் காரியஸ்தன் துரைராசு வெளியூர் ஆட்களோடு வந்து எங்கள் கதிரில் கை வைத்தான். மறிக்கப் போனவரின் வலது முன்கையில் அரிவாளை வீசினான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாகூர்க்கார டாக்டர் ஜெக்கரியா, அறுந்த நரம்பைத் தலைமுடி மாதிரி நூலால் தைத்தார். ஆனாலும் மூன்று விரல்களில் உணர்ச்சி இல்லை. கொள்ளி பட்டால்கூடத் தெரியாது.

"தைச்சதோட முடியலம்மா," என்றார் டாக்டர். "வெட்டுப்பட்ட இடத்துல முதல்ல பொடிப்பொடியா ரத்தக்குழாய் முளைச்சு அந்தப் பக்கம் போகணும். அது போட்ட வழியிலதான் நரம்பு வளரும். வாய்க்கா வெட்டாம தண்ணி பாயுமா? மாசத்துக்கு ஒரு அங்குலம் போனாலே பெரிசு. பீடி குடிச்சாருன்னா ரத்தக்குழாய் சுருங்கிடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

இருபது வருஷப் பீடியை அன்றைக்கே விட்டார் மனிதர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நாங்கள் இரண்டு பேரும் அலைந்ததில் அந்தக் குறுவைக்குக் கூலி ஆள்தான் உழுதது.

டாக்டர் மாதாமாதம் முன்கையை விரலால் தட்டிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ அதுவரை நரம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். எட்டாம் மாதம் மணிக்கட்டைத் தாண்டியது. கட்டைவிரல் லேசாக அசைந்தது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம்தான் துரைராசு மேல் போட்ட வெட்டு வழக்கு வந்தது. "கை தேறிடுச்சுன்னா சின்னக் காயம்னு அபராதத்தோட விட்டுடுவாங்க," என்றார் எங்கள் வக்கீல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. அந்தப் பாவி கம்பி எண்ணட்டும்," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வெரல் அசையுதே, ஞானாம்பா."

"அசைக்காம நில்லுங்க!"

நின்றார். இந்தக் கை இனி எதற்கும் ஆகாது என்று சத்தியம் பண்ணிச் சொன்னார். துரைராசுவுக்கு ஆறு மாதம் ஜெயில். அப்பீல் போட்டு, பத்தே நாளில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் எங்கள் மனு விசாரணை. ஐயருடைய வக்கீல் எழுந்து அந்த வாக்குமூலத்தின் நகலை நிதானமாக வாசித்தார். தானோ தன் வீட்டாரோ உடம்பால் பாடுபட்டால்தான் சட்டப்படி குத்தகைதாரன், எதற்கும் ஆகாத கையை வைத்துக்கொண்டு இவர் எப்படிப் பாடுபடுவார் என்று கேட்டார். நான் பாடுபடுகிறேன் என்று கத்தினேன். குறுவைக்குக் கூலி ஆள் உழுததற்குச் சாட்சி வைத்திருந்தார்கள்.

"இல்லீங்க, கை வருதுங்க," என்று என் வீட்டுக்காரர் கட்டைவிரலை மடக்கிக் காட்டினார். நெற்றியெல்லாம் வியர்வை. கை தேறிவருகிறது என்று டாக்டர் எழுதிய சீட்டை நான் நீட்டினேன்.

தாசில்தார் அதை முழுவதும் படித்தார். "அப்ப கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யா?" என்றார்.

பொய் என்றால் இவருக்கு ஜெயில். நிஜம் என்றால் நிலம் போயிற்று. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பொய் இல்லீங்க," என்றார்.

மனு தள்ளுபடி.

மாசிக்குள் விரல் நுனிவரை உணர்ச்சி வந்துவிட்டது. ஜெக்கரியா டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "நூத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். போய் ஏரைப் புடிங்க," என்றார். யாருடைய வயலில் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் துரைராசு கூலிக்கு ஆள் கூப்பிட்டான். இவரும் போனார். அதே ஆறு மா. சாயங்காலம் சேறு கழுவிக்கொண்டிருந்தவரிடம், கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல. எல்லாம் நல்லாத் தெரியுது," என்றார்.

அந்தக் கை செத்தே தொலைந்திருக்கலாம் என்று கத்திவிட்டேன். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் அடங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. "சோத்தைப் போடு," என்று உட்கார்ந்து, வலது கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.