பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு

1

இந்தக் கதை ஒரு ஒயர் வேலையில் தொடங்கியது. மூலக்குளத்தில் இருக்கும் என் வீட்டில் அறைக்கு அறை சுவரோடு கேபிள் போகிறது. கணினிகள் எல்லாம் அதில்தான். போனுக்கும் இணையம் வேண்டும் என்று ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கினேன். மாட்டித்தர நெல்லித்தோப்பிலிருந்து யாகூப் வந்தார்.

"பழைய இன்டர்நெட் பொட்டியும் கம்ப்யூட்டருக்கெல்லாம் நம்பர் குடுக்குது, புதுசும் குடுக்குது. ஒரு வீட்டுல ரெண்டு மாமியார் இருந்தா எப்படி சார்? புதுச பேசாம இருன்னு சொல்லிட்டேன்."

பிறகு வைஃபைக்குப் பெயர் கேட்டார்.

"முன்ன எப்பனா வைஃபை வச்சிருந்தீங்களா? அதே பேரு, அதே பாஸ்வேர்டு போட்டா பழைய போனெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். யாரையும் கேக்காது."

நான் வைத்திருந்ததில்லை. ஆனால் அந்த 'யாரையும் கேக்காது' அவர் போன பிறகும் கூடத்திலேயே இருந்தது.

2

முதல் தொடக்கம்: 'அமுதவல்லியின் மகன் வீட்டைவிட்டுப் போன அன்று மழை' — வேண்டாம். கதைகளில் எல்லா மகன்களும் மழையில்தான் போகிறார்கள்.

இரண்டாவது: 'அரியாங்குப்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் ஏற்பட்ட தகராறில்' — இது செய்தித்தாள்.

மூன்றாவது, இருக்கட்டும்: அரிகிருஷ்ணன் வீட்டில் எல்லாம் ஒயர்தான். அலைகள் உடம்புக்கு ஆகாது என்பது அவர் கட்சி. மகன் கோபிநாத் அப்பாவுக்குத் தெரியாமல் பரண்மேல் ஒரு ரவுட்டரை வைத்து, அந்த ஒயரிலேயே செருகினான். பெயர்: கோபி. பாஸ்வேர்டு: அம்மாகதவதொற. (ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். அப்பா தாழ் போட்டபிறகு வந்தால் ஜன்னலருகே அவன் சொல்வது அதுதான்.) ஒருநாள் அப்பா கண்டுபிடித்தார். ரவுட்டர் தெருவில் விழுந்தது. அதன் பின்னாலேயே மகனும் போனான். போன் நம்பரை மாற்றிவிட்டான். பிறகு ஒரு தகவலும் இல்லை.

3

அப்பா இறந்தபின் அம்மா அமுதவல்லி யாகூபைக் கூப்பிட்டுப் புது ரவுட்டர் மாட்டச் சொல்கிறாள். (கதையிலும் அவர் யாகூப்தான். அனுமதி கேட்டேன். "கொஞ்சம் நல்லவனா காட்டுங்க சார்," என்றார்.)

"அதே பேரு, அதே பாஸ்வேர்டு போடு பாய்."

"புதுசா போட்டுக்கலாமேம்மா. பழசு யாருக்குனா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கணும்னுதான் சொல்றேன்."

யாகூப் அதன்படி அடித்தார்.

"அவன் போன் தெருவோட போனாக்கூடக் காட்டுமா?"

"வாசல்ல நின்னா சிக்னல் ஒரு கோடு காட்டும். பொட்டிகிட்ட வந்தா எல்லாக் கோடும் காட்டும்மா."

"உள்ள வர வேணாம். உசுரோட இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

[இந்த இடத்தில் அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த வயதுப் பெண்மணிக்கு இப்படி ஒரு யோசனை வருமா? என் பக்கத்து வீட்டு அம்மாள், துபாயில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பைக் கடைசியாக எப்போது திறந்தான் என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். சந்தேகத்தை அடித்துவிட்டேன்.]

4

முடிவு அ: ஒரு மாலை அவள் கணினித் திரையில் 'கோபிநாத்தின் போன்' என்று வருகிறது. ஓடுகிறாள். வாசலில் நிற்கிறான். (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: நிற்பவன் அந்தப் போனைச் செகண்ட்ஹேண்டாக வாங்கிய எவனோ. (விற்கும்போது உள்ளிருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்களாம். யாகூப் சொன்னார். இதுவும் போயிற்று.)

முடிவு இ: போன் ஒட்டிக்கொள்கிறது. வாசலில் யாரும் இல்லை. அவள் திரும்பி, பரணைப்

இங்கே நிறுத்தினேன். ஒரு போன் வந்து ஒட்டும்போது திரையில் சரியாக என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

5

செய்துபார்த்தேன். நேற்று பிற்பகல் என் ரவுட்டரில் பெயரைக் கோபி என்று மாற்றினேன், பாஸ்வேர்டையும் கதையில் உள்ளதாக மாற்றினேன். என் போனின் இணைப்பு அறுந்துபோனது. கணினி ஒயரில் இருப்பதால் ரவுட்டரின் பக்கம் அதில் திறந்தே இருந்தது. இணைந்த போன்கள்: ஏதுமில்லை. டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது ஒன்று இருந்தது.

கோபிநாத்தின் போன்.

வாசலுக்குப் போனேன். வெயில், நிறுத்திவைத்த ஒரு ஸ்கூட்டர், வில்லியனூர் ரோட்டில் பஸ் சத்தம். ஆள் இல்லை. உள்ளே வந்து திரையைப் பார்த்தேன். எல்லாக் கோடும் இருந்தது.

யாகூபைக் கூப்பிட்டேன்.

"பாஸ்வேர்டு யாருக்கு சார் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நானா கதைக்குன்னு யோசிச்சது."

"கதைய யார்கிட்டனா காட்டினீங்களா?"

"இல்ல பாய்."

"அப்ப பாஸ்வேர்ட மாத்திடுங்க. போயிடும்."

"அப்பறம் வருமா?"

"எப்படி சார் வரும்? அதுக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான்."

6

புது பாஸ்வேர்டை அடித்துவிட்டேன். 'சேமி' என்ற பொத்தானை மட்டும் இன்னும் அழுத்தவில்லை. இதை எழுதுவதும் அதே கணினியில்தான். எழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் தெரிகிறது.

அமுதவல்லியை உண்டாக்கியவன் நான். உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவைத்ததும் நான்தான். அவளுக்காகக் கூப்பிட்டேன், என் வீட்டுக்கு வந்துவிட்டான். அழுத்தினால் அவள் கேட்டதற்கு 'இல்லை' என்று நானே சொன்னதாகும். அழுத்தாவிட்டால் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பது?

ஆகவே முடிவை எழுதவில்லை. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. உங்கள் ரவுட்டரில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்திருந்தால் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வராவிட்டால், இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறான்.