குனி, பிடி

1

இந்தக் கதையை நான் முதுகுப்பக்கமிருந்து பார்த்தேன். ரக்பி ஆட்டம் ஒன்றுக்கு ஓசியில் ஒரு சீட்டு கிடைத்தது. ஓசியில் கிடைத்தால் எதற்கும் போகிற ஆள் நான். ஆட்டம் சுத்தமாகப் புரியவில்லை. அதனால் எனக்கு முன்வரிசையில் வந்த இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவள், புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. கூடவே கதவு அகலத்துக்கு ஓர் ஆள். அவன் இருக்கைக்கு முன்னால் நின்றான், நின்றுகொண்டே இருந்தான். மறைக்கிறது என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் அவன் காதருகே போய் மூன்று சொற்கள் சொன்னாள். முதல் சொல்லுக்குக் குனிந்தான். இரண்டாவதற்கு முன்னாலிருந்த கம்பியைப் பிடித்தான். மூன்றாவதற்கு உட்கார்ந்தான்.

பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. எவ்வளவு உண்மை என்று கேட்டு என்னை மடக்காதீர்கள். பிளாஸ்திரி உண்மை.

2

எழுதிப் பார்த்துக் கிழித்த தொடக்கங்கள்:

"மைதானத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக—" (ஆட்டம் மத்தியானம். விளக்கு எங்கிருந்து வந்தது?)

"அவர்கள் இருவரும் கணவன் மனைவி என்றுதான் எல்லோரும்—" (எல்லோரும் என்றால் யார்? நான்தானே நினைத்தேன்.)

"அக்காவின் பெயரைத் தம்பி மறந்துபோன அன்று—" (முதல் வரியிலேயே அழவைக்கப் பார்க்கிறேன். வெட்கமாக இல்லையா?)

இதைப் படித்த நண்பர் ஒருவர், "ரக்பி யாருக்குய்யா தெரியும்? கிரிக்கெட்டா மாத்திடு, புண்ணியமாப் போகும்" என்றார். மாற்றிப் பார்த்தேன். கிரிக்கெட்டில் பந்தைத் தவிர யாரும் எதையும் பிடிப்பதில்லை. இந்தக் கதையில் ஆளை ஆள் பிடிக்க வேண்டும்.

3

அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். தம்பியோடு ஆடியவர்கள் அவனைத் தூண் என்று கூப்பிட்டார்கள். லாரி டிப்போ அணியில் முன்வரிசைக்காரன். (கல்யாணம் ஆகாதவன். ஆகியிருந்தால் கதையில் இன்னோர் ஆளுக்கு இடம் போட வேண்டும்.)

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோர்த்துக் குனிந்து எதிராளிகளை முட்டித் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் ஸ்க்ரம். மோதுவதற்கு முன் நடுவர் மூன்று கட்டளை கொடுப்பார். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அந்த மூன்றையும் தமிழாக்கிக் கட்டில்மேல் விளையாடினார்கள். குனி. பிடி. முட்டு. கட்டில் உடைந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அவன் பெரிய ஆட்டக்காரன் ஆனபிறகும் அவன் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் அவள் போனாள். ஆடுவதை விட்டபிறகு இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். அவளுக்குத்தான் ஒவ்வொன்றும் விளங்க வேண்டும்.

"கோடு தாண்டிப் பந்தை வெச்சா ட்ரைங்கிறான். ட்ரைன்னா முயற்சிதானே? ஜெயிச்சதுக்கு எதுக்குடா முயற்சின்னு பேரு?"

"கோடு தாண்டினாத்தான்க்கா முயற்சி. அதுக்கு முன்னாடி மண்ணுல உருண்டதெல்லாம் சும்மா."

இன்னொன்றையும் ஆட்டத்துக்கு ஆட்டம் சொல்வான். ஸ்க்ரமில் பிடித்தவன் விடக்கூடாது. ஒருத்தன் பிடியை விட்டால் மொத்தக் குவியலும் சரியும், அடியில் இருக்கிறவனுக்குக் கழுத்து போய்விடும்.

4

இனிச் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

தலையில் எத்தனை அடி வாங்கினான் என்று அவனுக்கும் தெரியாது, டிப்போவுக்கும் தெரியாது. தண்ணீர் தெளித்து மறுபடி உள்ளே அனுப்பினார்கள், அவனும் போனான். ஐம்பதைத் தொடுவதற்குள் மூளை சுருங்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். முதலில் சாவி வைத்த இடம் போனது. பிறகு வீட்டுக்கு வரும் வழி. பிறகு அக்கா. இப்போது அவளை மேடம் என்கிறான். மரியாதையாகத்தான் சொல்கிறான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். சட்டத்துக்குத் தகுந்தபடி கண்ணாடியின் ஓரத்தை அரைத்துப் பொருத்துவாள், மூக்கை அழுத்தும் பட்டைகளை வளைத்துக் கொடுப்பாள், எறும்பு அளவு திருகாணிகளைக் காந்தத்தில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக எடுப்பாள். கடைக்குப் போகும் முன் தம்பியைக் குளிக்கவைத்து, சாப்பிடவைத்து, கீழ்வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அவனோ நாற்காலியைப் பார்த்தால் நாற்காலி என்று தெரியாமல் நிற்பான். தொட்டால் உதறுவான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வரும்.

ஒருநாள் அலுத்துப்போய் அந்தப் பழைய சொற்களைச் சொல்லிப் பார்த்தாள். "குனி" என்றாள், குனிந்தான். "பிடி" என்றாள், நாற்காலிக் கையைப் பிடித்தான். மூன்றாவதாக "உட்காரு" என்றாள். உட்கார்ந்தேவிட்டான். பேர் போய், ஊர் போய், கூடப்பிறந்தவள் போய், கட்டளை மட்டும் உடம்பில் நின்றிருக்கிறது. அன்று முதல் பஸ், படி, நாற்காலி எல்லாவற்றுக்கும் அதுதான். குனி, பிடி, உட்காரு.

5

(இந்தப் பகுதியைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். எழுதாமலே முடித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.)

அன்று காலை கடைக்கு நேரமாகிவிட்டது. குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலிக்கு முன்னால் தம்பி சோப்பு நுரையோடு நிற்கிறான். அவள் அவனுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில். வாய் பழக்கத்தில் ஓடியது. குனி என்றாள். பிடி என்றாள், அவன் அவள் தோளைப் பிடித்தான். மூன்றாவதாக, எங்கிருந்து வந்ததோ, அந்தக் கட்டில்மேலிருந்தே வந்ததோ, "முட்டு" என்றாள்.

அவன் முட்டினான். சொன்னதைச் செய்தான். தொட்டியின் விளிம்பில் அவள் புருவம் பிளந்தது.

தையல் போட்ட டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"தம்பி தள்ளிட்டான்."

"இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணியிருக்காரா?"

பிடி கொடுக்காமல் ஏதோ சொன்னாள். டாக்டர் அவருக்குப் புரிந்ததை எழுதிக்கொண்டார். வீட்டில் வைத்திருப்பது ஆபத்து, பூட்டுள்ள இல்லத்தில் சேர்ப்பதுதான் நல்லது என்றார். அதுவரை அவள் கேட்டபோதெல்லாம் இடமில்லை என்று சொல்லிவந்த இல்லத்தில், அடிக்கிற ஆள் என்றதும் உடனே இடம் கிடைத்தது.

இங்கே எனக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது. இவளை வைத்து எப்படிக் கதை சொல்வது? நேரே கடைக்கே போனேன். (போகவில்லை. எழுத்தில் போனேன்.) அவள் யாருடைய கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாய் தவறிச் சொன்னது நீங்க. ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

அவள் நிமிரவில்லை. "சார், நீங்க ஒரு வாரம் வந்து அவனைப் பாத்துக்கறீங்களா?"

நான் அடுத்த பகுதிக்கு வந்துவிட்டேன்.

6

நாளைக் காலை இல்லத்தில் சேர்க்க வேண்டும். இன்று கடைசி ஆட்டம். இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "முதல்ல கொஞ்ச நாளைக்கு வராதீங்கம்மா. உங்களைப் பாத்துட்டே இருந்தா அவர் இங்க ஒட்ட மாட்டார்." அந்தக் கொஞ்ச நாளுக்குள் அவன் நினைவில் தன் முகம்கூட மிச்சமிருக்காது என்று அக்காவுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அழைத்து வந்தாள். நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன். அவனுக்குப் புரியாமல் போகலாம். சொல்லிவிட்டால் போதும், பிறகு அவனை இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் போகலாம், போகாமலும் விடலாம். இந்தக் கணக்கு அவளுக்கே கோணலாகத்தான் பட்டது.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஆரம்பித்தாள். "டேய், இங்க பாரு. அன்னிக்கு பாத்ரூம்ல—"

"மேடம், அந்த மூணாம் நம்பரைப் பாருங்க" என்றான் தம்பி. மைதானத்தில் மட்டும் அவன் நாக்கு நேராகிவிடும். "முழங்கை தொங்குது. பிடி சரியில்ல. இன்னிக்கு யாரையாவது சாகடிப்பான்."

"அதை விடுடா. நான் சொல்றதைக் கேளு."

"யாராவது அவன்கிட்ட சொல்லணும் மேடம்."



7

இரண்டாம் பாதியில், மழை தூற ஆரம்பித்திருந்தபோது, அவர்கள் இருந்த பக்கத்துக் கோட்டருகே ஒரு ஸ்க்ரம். நடுவரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. முதல் கட்டளை. பதினாறு பேர் குனிந்தார்கள். முன்வரிசை இருக்கையில் தம்பியும் குனிந்தான்.

இரண்டாவது கட்டளை. தம்பியின் கை அக்காவின் தோளைச் சுற்றி வந்து, அவள் கோட்டின் துணியைக் கொத்தாகப் பற்றியது. அதே பிடி. அவளுக்குத் தையல் போட்ட இடம் சுரீர் என்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது கட்டளையை நடுவர் உடனே சொல்வதில்லை. எல்லோரும் ஆடாமல் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அந்த இடைவெளியில் நானும் பேனாவை வைத்துவிட்டேன். முடிவைத் தேட வேண்டுமே.

முடிவு அ: அக்கா அங்கிருந்தே இல்லத்துக்குப் போன் போட்டு வேண்டாம் என்கிறாள். (எழுதும்போது என் கண்கள் கலங்கின. பிறகு திங்கட்கிழமை காலையை நினைத்தேன். முக்காலி, சோப்பு நுரை, கடை திறக்கும் நேரம். திங்கட்கிழமைக்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.)

முடிவு ஆ: எண் அழுத்தித் திறக்கும் கதவு. அவள் வெளியே, அவன் உள்ளே. "ஆட்டம் எப்போ மேடம்?" என்று கேட்கிறான். (இது மளமளவென்று வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததால் அடித்துவிட்டேன். நாளைக்கு அப்படித்தான் நடக்கும் என்பது வேறு விஷயம்.)

முடிவு இ: நடுவர் மூன்றாவதைச் சொல்கிறார், தம்பி முட்டுகிறான், கம்பியில் அவள் தலை— (இல்லை. இல்லவே இல்லை.)

8

ஆக, அந்த இடைவெளிக்கே திரும்பி வந்தேன். மழை, கோட்டுத்துணி, மூடிய கண்கள். கூட்டத்தின் இரைச்சலுக்குள் தம்பி ஏதோ சொன்னான். கடைசிச் சொல் மட்டும்தான் அவளுக்குக் கேட்டது.

"...பிடிக்கல."*

தன்னைப் பிடிக்கவில்லை என்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. வெறுக்கிறவனை விட்டுவிட்டுப் போவது சுலபம். கண்ணைத் திறந்தாள். அவன் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, பழைய அதட்டலோடு.

"நீ பிடிக்கலக்கா" என்றான். "நான் பிடிச்சிருக்கேன், நீ பிடிக்கல. பிடி. இல்லேன்னா உன் கழுத்து போயிடும்."

அக்கா என்றான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. என் கழுத்து என்று சொல்லவில்லை, உன் கழுத்து என்றான்.

இதற்குமேல் என்னால் ஆகாது. நான் அவளைக் கெட்டவளாக்கப் பார்த்தேன், நல்லவளாக்கப் பார்த்தேன், இரண்டுக்கும் அவள் மசியவில்லை. அவளோ நாளைக்கு அவனை விட்டுவிடப்போகிறவள். அந்தக் கையால் இப்போது பிடித்தால் அது பொய். பிடிக்காவிட்டால், அவன் கண்ணெதிரே ஒருத்தி பிடியை விட்டவளாகிறாள். படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் அவளை எழுந்து போகவும் வைக்கலாம், கை போடவும் வைக்கலாம். எதைச் செய்தாலும் நாளைக் காலையையும் சேர்த்து யோசியுங்கள்.

நடுவர் இன்னும் மூன்றாவதைச் சொல்லவில்லை. தம்பி காத்துக்கொண்டிருக்கிறான். அவள் கை மடியில்தான் இருக்கிறது.

---
* கையால் பிடிப்பதற்கும் மனதுக்குப் பிடிப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான். இதை நான் திட்டம் போட்டு வைக்கவில்லை. மொழி செய்த வேலை.