பலகை மாட்டப் போட்ட துளை

பேருந்து ஓட்டுகிறவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் தூங்கிக் கழிக்காமல், படுக்கையறைக்கு வெளிர்நீலம் அடித்து, கட்டில் தலைமாட்டில் ஒரு பலகையும் மாட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். கணவன் பேக்கரிக்காரன். மாவு பிசைகிற வேகத்திலேயே பெயின்ட் உருளையையும் உருட்டிக்கொண்டிருந்தான்.

அவள் டிரில் மெஷினைக் கையில் எடுத்ததும் சிரித்தான். "மெதுவாம்மா. இடி இறங்கிடப் போகுது."

இடி என்பது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பழைய தையற்காரருக்கு அவர்கள் வைத்த பெயர். இங்கே ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், அங்கே கைத்தடியால் சுவரை இடிப்பார். முகம் பார்த்துப் பேசியே மாதக்கணக்காயிற்று.

முதல் துளை போட்டாள். வீடே அதிர்ந்தது. மெஷினை நிறுத்திக் காது கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க, ஆள் ஊர்ல இல்லையா?"

"நேத்து ராத்திரிகூட இடிச்சாரே!"

இரண்டாவது துளையில் பழைய செங்கல் பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பி பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால், துளையில் மிளகளவு வெளிச்சம்.

"ஐயோ! அந்தப் பக்கமே போயிடுச்சுங்க!"

"போச்சு. இன்னிக்கு நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு."

திட்டு விழுவதற்கு முன்னால் நாமே மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று துளையில் வாயை வைத்தாள். "ஐயா, தெரியாம பண்ணிட்டேன், கோவிச்சுக்காதீங்க..."

காதை வைத்தாள். எதையோ தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். அப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"தண்ணி..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா! எங்க இருக்கீங்க?"

"கீழ... விழுந்துட்டேன். இடுப்ப அசைக்க முடியல."

"எப்ப விழுந்தீங்க?"

"நேத்து காலைல. தட்டினேம்மா. ராத்திரி முழுக்கத் தட்டினேன். நீங்க திருப்பித் தட்டினதும், சரி, கேட்டுடுச்சுன்னு நினைச்சேன். வருவீங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. உருளையிலிருந்து நீலம் அவன் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு, விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அந்தச் சத்தம் வந்தது. "சும்மா படுத்திருந்தாக்கூடப் பொறுக்கலையா இவருக்கு?" என்று எரிச்சலோடு எழுந்து அவன்தான் முஷ்டியால் திருப்பிக் குத்தினான். அவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஓடுங்க!" என்று கத்தினாள். "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு, கதவ உடைங்க!"

அவன் சுத்தியலோடு ஓடினான். அவள் துளையை விட்டு நகரவில்லை.

"தூங்கிடாதீங்க ஐயா. பேசிக்கிட்டே இருங்க. என்கிட்ட ஏதாவது கேளுங்க."

"என்ன வேலை நடக்குது அங்க?"

"பலகை மாட்டறோம் ஐயா. பெயின்ட் அடிக்கறோம்."

"என்ன கலரு?"

"வெளிர்நீலம்."

"நீலமா... நல்லா இருக்கும்மா."

அதைக் கேட்டதும் அவளுக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் தெறிக்கிற சத்தம் கேட்டதும் அவளும் ஓடினாள். அவர் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தார். அவள் போட்ட துளையிலிருந்து கொட்டிய தூள் அவர் தலைமுடியெல்லாம் அப்பியிருந்தது. கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவர்ப்பூச்சு பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் தெரிந்தது. தட்டித் தட்டியே பெயர்ந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். பேக்கரிக்காரன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் உயிர் தங்கியிருக்காது, நல்ல வேளை கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் பாராட்டினார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. படுக்கையறை பாதி நீலமாகக் கிடந்தது.

"நாளைக்கு அவர்கிட்ட சொல்லிடலாம்," என்றான் அவன். "கோவத்துல குத்தினேன்னு."

"நானும் வரேன்," என்றாள்.

அன்று அந்த அறையில் படுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. கூடத்தில் பாயை விரித்தார்கள்.